குளிசையை ஒளித்துத் துப்பும் மனுசனுக்கு

இவருக்கு மறதி நோயோடு சீனி வருத்தமும் பிரஷரும். குளிசையைக் கொடுப்புக்குள் ஒதுக்கி வைத்திருந்து, நான் அங்கால போனதும் கட்டிலுக்குக் கீழே துப்பிவிடுவார். "இடிச்சுக் குடுங்கோ" என்று சொல்லாத ஆள் வெள்ளவத்தையில் இல்லை. நல்லகாலம், முதலில் பார்மசியில் கேட்டேன். சீனி வருத்தத்துக்குக் குடிக்கும், மெல்லக் கரையும் மெட்ஃபோர்மின் குளிசையை இடித்தால் மருந்து முழுக்க ஒரேயடியாக இறங்கிவிடுமாம். டொக்டர் அதைச் சாதாரண வகைக்கு மாற்றி, இனித் தேவையில்லாததையும் நிறுத்தினார்.

இப்போது கதிரையில் நிமிர்த்தி இருத்தி, ஒரு கரண்டி தயிரில் ஒவ்வொன்றாகக் கொடுக்கிறேன். அண்ணாந்தால் புரைக்கேறும், நாடியைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுவேன். பிறகு வாயைத் திறக்கவைத்துப் பார்ப்பேன். "நீரென்ன பொலிஸோ?" என்பார். என்ன சொன்னாலும் அரை மணித்தியாலத்துக்குப் படுக்க விடுவதில்லை.