கடற்கரையைத் தேர்ந்தெடுக்கும் முன் காற்றைப் பாருங்கள்: இலங்கைப் பயணத்துக்கான செய்முறை

சென்ற ஆண்டு மே மாதக் கடைசி வாரத்தில், பள்ளி திறப்பதற்கு முன் குழந்தைகளைக் கடலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று இலங்கையின் தென்கரையிலுள்ள மிரிஸ்ஸவில் நான்கு இரவுகளுக்கு அறை எடுத்திருந்தேன். படங்களில் பச்சை நிறத்தில் தெளிந்து கிடந்த கடல், நாங்கள் போனபோது பழுப்பு நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. நான்கு நாளும் கரையில் சிவப்புக் கொடி பறந்தது. பிள்ளைகள் கணுக்கால் நனைத்ததோடு சரி. அதே வாரத்தில் அதே தீவின் கிழக்குக் கரையில் கடல் அடங்கியிருந்தது என்பது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. ஓர் ஆண்டு கழித்து ஆகஸ்டில் அந்தக் கிழக்குக் கரையிலுள்ள நிலாவெளிக்குச் சென்று அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டோம். இரண்டு பயணங்களுக்கும் இடையில் நான் கற்றுக்கொண்ட முறையை இங்கே வரிசையாக எழுதுகிறேன். கடவுச்சீட்டு, விசா, பணமாற்று ஆகியவற்றைப் பற்றி ஏராளமானோர் எழுதிவிட்டதால் அவற்றை நான் தொடவில்லை.

படி 1: ஊரை அல்ல, மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

நான் வழுக்கிய இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வெப்பமண்டலத்துக் கடற்கரையில் ஆண்டு முழுவதும் வெயில் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். ஆகவே "அங்கே வெப்பநிலை என்ன" என்று தேடுவதால் பயன் ஏதும் இல்லை. மாறுவது காற்றின் திசை. காற்று எந்தக் கரையில் வந்து மோதுகிறதோ அந்தக் கரையில் மழையும் அலையும் கலங்கலும் இருக்கும். அதற்கு முதுகு காட்டிய கரை அமைதியாக இருக்கும்.

இலங்கையில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அது மேற்கு, தெற்குக் கரைகளில் மோதி, நடுவிலுள்ள மலைநாட்டில் ஏறும்போது மழையைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. ஆகவே ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ, பெந்தோட்டை ஆகிய ஊர்களில் கடல் கொந்தளிக்கும் அதே மாதங்களில்தான் திருகோணமலை, நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா ஆகிய ஊர்களுக்கு நல்ல காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகிறது. அப்போது கிழக்குக் கரை மழையில் நனைய, தென்மேற்குக் கரையில் கடல் தெளிகிறது.

கரையில் பிறந்தவர்களுக்கு இது பாடமாகச் சொல்லித்தர வேண்டிய செய்தியே அல்ல. வடகிழக்கிலிருந்து வருவது வாடை, மேற்கிலிருந்து வருவது கச்சான் என்று அவர்களிடம் காற்றுக்குத் தனித்தனிப் பெயரே இருக்கிறது. நிலாவெளியில் நாங்கள் தங்கிய விடுதிக்காரர், "கச்சான் அடிக்கிற காலத்தில இஞ்ச கடல் குளம் மாதிரிக் கிடக்கும்" என்று ஒரே வரியில் சொன்னதை, நான் ஓராண்டு படித்துத்தான் அறிந்துகொண்டேன்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் கடற்கரைக்காகவே இலங்கைக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு கரைகளிலும் மழை வரக்கூடிய காலம் அது. வங்கக்கடலில் புயல் உருவாகும் காலமும் அதுதான். மட்டக்களப்பைச் சிதைத்த 1978ஆம் ஆண்டுச் சூறாவளி நவம்பர் மாதத்தில்தான் வந்தது.

படி 2: அலையின் உயரத்தையும் இடைவெளியையும் பாருங்கள்

கைப்பேசியோடு வரும் வானிலைச் செயலியை இதற்கு நம்பாதீர்கள். மாலையில் அரை மணி நேரம் மழை பெய்யக்கூடும் என்றாலும் அது நாள் முழுவதற்கும் மேகப் படத்தைக் காட்டிவிடும்; கடலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நான் பயன்படுத்துவது விண்டி (Windy) என்ற செயலி. அதில் காற்று, அலை, பெருஅலை (தொலைவிலிருந்து கிளம்பி வரும் அலை) ஆகியவற்றைத் தனித்தனி அடுக்காகப் பார்க்கலாம். அலையின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நொடிக்கணக்கும் அருகிலேயே இருக்கும். ஒரே உயரமுள்ள அலைகளில், பதினான்கு நொடி இடைவெளியில் வருவது ஆறு நொடி இடைவெளியில் வருவதைவிட மிகுந்த விசையோடு கரையில் விழும். தெற்கே வெகு தொலைவிலிருந்து கிளம்பி இலங்கையின் தென்கரையை அடையும் அலைகள் இந்த நீண்ட வகையைச் சேர்ந்தவை. என் பிள்ளைகளுக்கு எட்டும் பத்தும் வயது என்பதால், முக்கால் மீட்டருக்கு மேல் காட்டினால் நான் அவர்களைத் தண்ணீரில் இறக்குவதில்லை.

முன்னறிவிப்பு சில நாட்களுக்குத்தான் கிடைக்கும்; அறையையோ மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்கிறோம். அதற்கு என் வழி எளிது. வரைபடத்தில் அந்தக் கடற்கரைக்குப் பயணிகள் இட்ட படங்களைத் தேதிவாரியாகப் பாருங்கள். நீங்கள் போகவிருக்கும் அதே மாதத்தில் எடுத்த படங்களில் நீரின் நிறம் என்ன, மனிதர்கள் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். விடுதி தன் தளத்தில் இட்டிருக்கும் படம் ஆண்டிலேயே மிகச் சிறந்த நாளில் எடுக்கப்பட்டது.

படி 3: கடலில் என்ன செய்யப் போகிறீர்கள்?

நீந்தத் தெரியாதவர்களும் சிறு குழந்தைகளும் இருந்தால் என் தேர்வு பாசிக்குடா; வெகுதூரம் நடந்து சென்றாலும் இடுப்பளவைத் தாண்டாத ஆழமற்ற குடா அது. பவளமும் மீன்களும் பார்க்க வேண்டுமென்றால் நிலாவெளிக்கு எதிரே, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவுக்குப் படகில் செல்லலாம். அதிகாலையில் சென்றால் கூட்டம் குறைவு. ஹிக்கடுவவும் பவளத்துக்குப் பெயர்பெற்ற இடம்தான் என்றாலும், 1998ஆம் ஆண்டில் கடல்நீர் சூடேறியபோது அங்கிருந்த பவளங்களில் பெரும்பகுதி வெளிறி மடிந்துவிட்டது. அலைச்சறுக்குக்காரர்கள் மட்டும் மேலே சொன்னதற்கு மாறாக, அலை வரும் இடத்தையே தேடிப் போவார்கள். மே முதல் அக்டோபர் வரை அவர்களுடைய ஊர் தென்கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பே. திமிங்கிலம் பார்ப்பதற்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸ ஏற்றது.

அம்மா எங்களோடு வந்ததால் எனக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. ஞானசம்பந்தர் பாடிய திருக்கோணேச்சரம் திருகோணமலையில் கடலை ஒட்டிய பாறையின் உச்சியிலேயே இருப்பதால், காலையில் கோயில், மாலையில் கடல் என்று நாள் சிரமமில்லாமல் நகர்ந்தது.

படி 4: சாலை நேரத்தைக் கூட்டுங்கள்

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். ஆனால் கொழும்பிலிருந்து திருகோணமலை சுமார் 260 கிலோமீட்டர். காரில் ஆறு ஏழு மணி நேரம் பிடிக்கும். மூன்று இரவுகளே கையில் இருந்தால் இது கட்டுப்படியாகாது. அப்படிப்பட்டவர்கள் பயணத்தையே ஜனவரிக்குத் தள்ளிப்போட்டு, அதிவேக நெடுஞ்சாலை இருக்கும் தென்கரைக்குச் செல்வது நல்லது. நாங்கள் ஐந்து இரவுகள் வைத்துக்கொண்டு, போகும்போது ஓர் இரவு தம்புள்ளையில் தங்கினோம்.

படி 5: விடுதியிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

"கடல் எப்படி இருக்கும்" என்று கேட்டால் "நன்றாக இருக்கும்" என்ற பதில்தான் வரும். "அந்த மாதத்தில் உங்கள் ஊரில் முக்குளிப்புக் கடை திறந்திருக்குமா, சுற்றுலாப் படகுகள் கடலுக்குப் போகுமா" என்று கேளுங்கள். பருவம் மாறும்போது மேற்குக் கரையின் மீனவர்கள் பலர் கிழக்குக்கு வாடிகளை (கரையோரத்தில் போடும் தற்காலிகக் குடில்களை) மாற்றிக்கொண்டு போகிறார்கள். முக்குளிப்பு நடத்துபவர்களிலும் பலர் அப்படியே செய்கிறார்கள். கடலால் பிழைப்பவர்கள் மூட்டை கட்டிச் சென்றுவிட்ட கரையில் நமக்கு வேலை இல்லை. அறை வாடகை வழக்கத்தில் பாதியாகக் கிடக்கிறதென்றால் அதையும் இதே அறிகுறியாகக் கொள்ளுங்கள்; நான் அதைச் சலுகை என்று எண்ணி மகிழ்ந்து பதிவு செய்தேன்.

பிற்சேர்க்கை 1: மலேசியாவிலிருந்து ஒரு வாசகி, ஆண்டிறுதி விடுமுறைக்கு இம்முறை பொருந்துமா என்று கேட்டிருந்தார். நன்றாகவே பொருந்தும். வடகிழக்குக் காற்றுக் காலமான நவம்பர் முதல் பிப்ரவரி வரை மலேசியாவின் கிழக்குக் கரையிலுள்ள பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் பெரும்பாலான விடுதிகளை மூடிவிடுவார்கள். அப்போது மேற்கிலுள்ள லங்காவிக்குச் செல்லுங்கள்.

பிற்சேர்க்கை 2: நான் எழுதத் தவறிய ஓர் ஆபத்தை நிலாவெளிக்குச் சென்றுவந்த இன்னொரு வாசகர் சுட்டிக்காட்டினார். கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால்தான் அங்கே கரையோரம் அலை அடங்கியிருக்கிறது. அதே காற்று காற்றடைத்த மிதவைகளைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டும் போகும். அவருடைய மகன் படுத்திருந்த மிதவை சில நிமிடங்களில் வெகுதூரம் போய்விட, படகுக்காரர்கள் சென்று மீட்டு வந்திருக்கிறார்கள். ஆகவே மிதவையை விடுதியிலேயே வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு உடலோடு கட்டும் உயிர்காப்பு மேலங்கியை வாங்கிச் செல்லுங்கள். மிதவை இல்லாமல் முடியாது என்றால், அதில் கயிறு கட்டி, இடுப்பளவு நீரில் நிற்கும் பெரியவர் ஒருவர் கையில் கயிற்றின் மறுமுனை இருக்கட்டும்.