உறங்கக் கேட்கும் இசை: எங்கே தவறுகிறோம்?

யூடியூபில் தூக்கத்துக்கான இசை என்று தேடிப் பாருங்கள். ராகத்தின் பெயருக்கும் வாசித்தவர் பெயருக்கும் முன்னால் ஓர் எண் வந்து நிற்கும். 432 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 432 அதிர்வு), 528 ஹெர்ட்ஸ், 'டீப் தீட்டா', 'ஆல்பா அலை'. எட்டு மணி நேர வீடியோவைப் போட்டுவிட்டு, விட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பவர்கள் நிறைய. அந்த எண்ணைப் பார்க்கிற நேரத்தில் பார்க்க வேண்டியவை வேறு மூன்று: பாட்டின் வேகம், சத்தத்தின் அளவு, அது எப்படி முடிகிறது என்பது.

இரண்டு ஹெர்ட்ஸையும் ஒன்றாக நினைப்பது

மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகரில் இருந்த மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். பதிவு செய்தது 1924-ல், வெளியிட்டது 1929-ல். நொடிக்கு 8 முதல் 13 தடவை எழுந்து விழும் அலைக்கு ஆல்பா என்று பெயர். சுறுசுறுப்பாக இருக்கும்போது 13-லிருந்து 30 வரை பீட்டா. கண் சொருகும் நேரத்தில் 4 முதல் 8 வரை தீட்டா. ஆழ்ந்த உறக்கத்தில் அதற்கும் கீழே டெல்டா.

432 என்பது காற்றின் அதிர்வு, அதாவது சுருதி. மூளை அலையோ மின்சாரம். இரண்டையும் ஹெர்ட்ஸில் அளக்கிறோம் என்பதைத் தவிர நேரடி உறவு கிடையாது. போதாக்குறைக்கு, 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி நம் காதுக்குக் கேட்பதே இல்லை. 6 ஹெர்ட்ஸ் தீட்டா ஒலி என்று ஒன்றை போன் ஸ்பீக்கரில் போடவும் முடியாது, போட்டாலும் கேட்காது.

432-ன் கதை மேற்கத்திய சுருதியைப் பற்றியது. அங்கே 'ஏ' ஸ்வரத்துக்கு 440 என்று நிர்ணயித்திருக்கிறார்கள். அதை 432-ஆகக் குறைத்தால் அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும், அவ்வளவுதான். கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்களுக்கு இந்த விவாதமே வேடிக்கையாகத்தான் இருக்கும். நம்மிடம் நிலையான ஸட்ஜம் ('ஸ') இல்லை. பாடுபவர் தன் குரலுக்கேற்ற சுருதியை, அதாவது கட்டையை, எடுத்துக்கொள்கிறார். ஒரு கட்டையில் பாடுபவருக்கு அந்த 'ஏ' சதுஸ்ருதி தைவதம் என்ற ஸ்வரம். ஆறு கட்டையில் பாடுபவருக்கு அதுவே ஸட்ஜம். 'நோய் தீர்க்கும் 432-ல் நீலாம்பரி ராகம்' என்று யாராவது விற்றால், எந்தக் கட்டையில் என்று கேளுங்கள்.

இன்னொரு குழப்பம், நெற்றியில் மாட்டும் மூளை அலைப் பட்டை. பாட்டைப் போட்டுக் கண்ணை மூடியதும் திரையில் ஆல்பா ஏறும், பாட்டு வேலை செய்கிறது என்று தோன்றும். கண்ணை மூடினாலே ஆல்பா ஏறும், பாட்டே வேண்டாம். அதேபோல பல்லைக் கடித்தாலோ புருவத்தைச் சுருக்கினாலோ தசையின் மின்சாரம் கலந்து பீட்டா எகிறினதுபோலக் காட்டும். பாட்டின் பலனைப் பார்க்க வேண்டுமென்றால், பாட்டில்லாமல் ஐந்து நிமிடம் கண்மூடி இருந்து ஒரு பதிவு எடுத்து, அதோடு ஒப்பிடுங்கள்.

பைனாரல் பீட்டை ஸ்பீக்கரில் போடுவது

பைனாரல் பீட் என்பது இரண்டு காதுக்கும் சற்றே வேறுபட்ட ஒலி கொடுப்பது: இடது காதில் 200 ஹெர்ட்ஸ், வலது காதில் 210 ஹெர்ட்ஸ். இரண்டும் மூளைத்தண்டில் சந்திக்கும்போது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 10 ஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு கேட்பதுபோல இருக்கும். ஜெர்மானிய இயற்பியலாளர் டோவே 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டது இது. இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி போனால்தான் இது நடக்கும். ஸ்பீக்கரில் போட்டால் இரண்டும் காற்றிலேயே கலந்து சாதாரணத் துடிப்பாகிவிடும். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டினாலும் வீண். போனின் அணுகல்தன்மை (Accessibility) அமைப்பில், இரண்டு காதுக்கும் ஒரே ஒலியைத் தரும் 'மோனோ ஆடியோ' இயங்கிக்கொண்டிருந்தாலும் வீண். பலர் எப்போதோ தெரியாமல் தட்டிவிட்டு மறந்திருப்பார்கள்.

வாங்கியது அசலா என்று பார்க்க எளிய வழி உண்டு. இரண்டு காதிலும் கேட்டுக்கொண்டே ஒரு பக்க இயர்போனைக் கழற்றுங்கள். துடிப்பு உடனே நின்று, ஒரே சீரான ரீங்காரம் மட்டும் மிஞ்சினால் அது பைனாரல். ஒற்றைக் காதிலும் துடிப்பு தொடர்ந்தால், ஒலியையே ஏற்றி இறக்கிப் பதிந்திருக்கிறார்கள்.

அசலாகவே இருந்தாலும் மூளை அலை அந்தத் துடிப்போடு சேர்ந்து ஓடும் என்பது உறுதியில்லை. 2023-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு 14 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. சேர்ந்து ஓடுகிறது என்று காட்டியவை 5, இல்லை என்றவை 8, கலவையாக ஒன்று. கேட்க இதமாக இருந்தால் கேளுங்கள், காசு கொடுத்து மட்டும் வாங்காதீர்கள்.

பிடித்த பாட்டையே தூக்கப் பாட்டாக்குவது

அதிகம் பேர் செய்வது இதுதான். மிகவும் பிடித்த பாட்டில் புல்லரிக்கும் இடம் வரும்போது மூளையில் டோபமைன் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. அது சுகம்தான். ஆனால் ஓய்வு வேறு. எண்பதுகளின் இளையராஜா பாட்டைப் படுக்கையில் போட்டால், அடுத்த இன்டர்லூடில் வயலின் எங்கே ஏறும் என்று மனது முன்கூட்டியே காத்திருக்கும்.

'அதனால்தான் வீணையில் வாசித்ததைப் போடுகிறேன், வரிகள் இல்லையே' என்பார்கள். இதிலும் ஒரு சிக்கல். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்த பாட்டுகளின் வாத்திய வடிவத்தைக் கேட்டவர்களுக்குத்தான் அந்தப் பாட்டு மண்டைக்குள் சுழல்வது அதிகமாக இருந்தது, உறக்கமும் கெட்டது. வரி இல்லாத இடத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும்போல. ஆகவே வாத்தியம் சரி, மனப்பாடமான சினிமா மெட்டு வேண்டாம். பிடிக்காத இசையைக் கட்டாயப்படுத்திக் கேட்பதும் பயன் தராது. காதுக்கு உறுத்தாத, ஆனால் அடுத்த அடியை மனது தேடாத இசை, அந்த நடுவாந்தரம்தான் வேண்டும்.

முழுக் கச்சேரிப் பதிவைப் போட்டுப் படுப்பதும் இதே ரகம். ஆலாபனையில் கண் சொருகும். அப்புறம் கீர்த்தனை, நிரவல், கல்பனாஸ்வரம் என்று விறுவிறுப்பு ஏறும். சரியாக ஆழ்ந்த நேரம் பார்த்து தனி ஆவர்த்தனம் தொடங்கும். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, கோர்வையில் வந்து முடித்து, சபை கைதட்டும்போது நீங்கள் எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆலாபனையை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளலாம். தம்பூராவோ சுருதிப் பெட்டியோ ஒன்றே போதும் என்பவர்களும் உண்டு. அதில் திடுக்கிட ஒன்றுமே இல்லை.

வேகத்தை எண்ணிப் பார்க்காமல் விடுவது

இத்தாலிய ஆய்வாளர் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2006-ல் 24 பேரிடம் பல வகை இசையைக் கேட்கச் செய்து அளந்தார்கள். அதில் இந்திய ராக இசையும் இருந்தது. வேகம் கூடினால் மூச்சு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் மூன்றும் கூடின. எந்த வகை இசை என்பதைவிட வேகத்துக்கே செல்வாக்கு அதிகம்.

அளப்பது சுலபம். கடிகாரத்தைப் பார்த்து 15 நொடியில் எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். 60-லிருந்து 80-க்குள் இருந்தால் சரி. நூறைத் தாண்டினால், எவ்வளவு மென்மையான குரலாக இருந்தாலும் தள்ளிவையுங்கள். 60-ல் ஒரு கீர்த்தனை ஆதி தாளத்தில், அட்சரத்துக்கு ஒரு தட்டாக இருந்தால் இன்னும் வசதி: தாளத்தின் முதல் பாதியான லகுவின் நாலு அட்சரத்தில் மூச்சை இழுத்து, மறுபாதியான இரண்டு துருதங்களின் நாலு அட்சரத்தில் விடுங்கள். ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) எட்டு நொடி, நிமிடத்துக்கு ஏழு எட்டு மூச்சு. நாம் சும்மா இருக்கும்போது விடுவதில் கிட்டத்தட்ட பாதி. உடம்பு தளர்வதில் பெரும் பங்கு இந்த மூச்சுக்குத்தான். நெஞ்சு இறுக்கினால் விட்டுவிடுங்கள், பழைய மூச்சுக்கே வாருங்கள்.

சத்தம், விளம்பரம், இயர்போன்

ஃபேன் சத்தம் பாட்டின் மெல்லிய இடங்களை விழுங்கிவிடும், அதனால் ஒலியைக் கூட்டுவோம். பிறகு உரத்த இடம் வரும்போது தூக்கிவாரிப்போடும். ஃபேனும் பாட்டும் சேர்ந்தே கேட்கிற அளவு போதும். ஏற்ற இறக்கம் குறைந்த புல்லாங்குழல், தம்பூரா இதற்கு ஏற்றவை. வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல் வரைதான் காதுக்குப் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரவு முழுக்க ஓடவிட்டால் ஒரே வாரத்தில் அந்த நேரம் தாண்டிவிடும், ஆகவே அதைவிட வெகுவாகக் குறைவாக வையுங்கள்.

நடுவில் வரும் விளம்பரம் பாட்டைவிட உரக்கக் கத்தும். தரவிறக்கி, விமானப் பயன்முறையில் கேளுங்கள். ஆட்டோபிளேயை அணைத்து, ஸ்லீப் டைமரை 45 நிமிடத்துக்கு வையுங்கள். இயர்போனை மாட்டிக்கொண்டு ஒருக்களித்துத் தூங்கினால் காது வலிக்கும், குறும்பியும் உள்ளே தள்ளப்படும்.

45 என்ற எண் சும்மா சொன்னதல்ல. உறக்கக் குறைபாடு இருந்த 94 மாணவர்களிடம் 2008-ல் வெளியான ஆய்வொன்றில், படுக்கும்போது 45 நிமிடம் மேற்கத்திய சாஸ்திரிய இசை கேட்டவர்களின் உறக்கம் 3 வாரத்தில் மேம்பட்டது. ஒலிப்புத்தகம் கேட்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஒரே இரவில் பலன் இல்லை என்று பட்டியலை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். அதே நாலைந்து உருப்படிகளை மூன்று வாரம் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வலிப்பு நோய் உள்ளவர்கள் மின்னி மின்னி மறையும் வெளிச்சத்தோடு வரும் 'மூளை அலை' வீடியோக்களைத் தொடவே கூடாது. வண்டி ஓட்டும்போது இந்த இசை யாருக்குமே வேண்டாம்.

பெர்னார்டி ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பாட்டுகளுக்கு நடுவே 2 நிமிடம் மௌனம் விட்டபோது, பாட்டு தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிடவும் உடம்பு தளர்ந்திருந்தது. டைமர் நின்றதும் நேரம் என்ன என்று பார்க்கப் போனை எடுக்கிறோமே, அந்த 2 நிமிடத்தைத்தான் கெடுத்துக்கொள்கிறோம். படுப்பதற்கு முன்பே போனைக் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.