கடற்கொள்ளையர் கண்காட்சிக்கு புள்ளைங்கள கூட்டிட்டுப் போறீங்களா? நான் பண்ணத பண்ணாதீங்க

போன வாரம் அக்கா பசங்கள கூட்டிட்டு ஒரு கடற்கொள்ளையர் கண்காட்சிக்கு போயிருந்தேன், எனக்கு இது நாலாவது தடவை. அங்க இரும்பு விலங்கு வச்சிருந்த கண்ணாடிப் பெட்டி முன்னாடி ஒருத்தர் தோள்ல பொண்ண தூக்கிட்டு நிக்கிறார். "அப்பா இது எதுக்கு?" "கெட்டவங்கள கட்டிப் போடறதுக்கும்மா." கேட்டதும் எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா அஞ்சு வருஷம் முன்னாடி வார்த்தை மாறாம இதையேதான் நானும் என் பையன்கிட்ட சொன்னேன். டிக்கெட்ட முன்னாடியே போடுங்க, பாத்ரூம் போயிட்டு உள்ள போங்கன்னெல்லாம் எழுதப் போறதில்ல, புள்ள வளக்கிறவங்களுக்கு அது தெரியாதா என்ன.

புதையல் புதையல்னு ஏத்தி விடறது

கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நான் வீட்டுல மேப் வரைஞ்சு, எக்ஸ் போட்டு, பெரிய அமர்க்களம் பண்ணி வச்சிருந்தேன். உள்ள போனா பாதி ஹால்ல துருப்பிடிச்ச கட்டிங்க. பையன் மூஞ்சி தொங்கிப்போச்சு, "தங்கம் எங்கம்மா?"

அந்த மேப், எக்ஸ் குறியெல்லாம் 1883-ல புக்கா வந்த ஒரு நாவல் பரப்பி விட்டது. நெஜத்துல கொள்ளையடிச்சது பெரும்பாலும் துணி, சர்க்கரை, கயிறு, பாய்மரத்துணி மாதிரி சாமான்தான். 1718 மே மாசம் பிளாக்பியர்ட்னு ஒரு கடற்கொள்ளையன் அமெரிக்கால இருக்கிற சார்ல்ஸ்டன் துறைமுகத்தையே மறிச்சு, ஆளுங்கள பிடிச்சு வச்சுக்கிட்டு, அவன் கேட்டது என்ன தெரியுமா, ஒரு பெட்டி மருந்து! அவனோட கப்பல் குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச் கிடந்த இடத்துல சிரிஞ்சு கூட எடுத்திருக்காங்க. போற வழியில இந்தக் கதைய சொல்லிக் கூட்டிட்டுப் போங்க, உள்ள போனதும் பசங்களே சிரிஞ்ச தேட ஆரம்பிச்சுடுவாங்க.

கட்டிய பாத்துட்டு நகந்துடறது

கடல் தண்ணில இரும்பு துருப்பிடிக்க பிடிக்க மணலும் சிப்பியும் ஒட்டி கல்லு மாதிரி இறுகிடுது. உள்ள பீரங்கி குண்டு இருக்கா, ஆணி இருக்கான்னு வெளிய தெரியாது, எக்ஸ்ரே எடுத்துதான் பாப்பாங்க. எக்ஸ்ரே படத்த கையால மறைச்சுட்டு "உள்ள என்னன்னு சொல்லு"ன்னு கேளுங்க. அக்கா பையன் அங்கேயே முக்கா மணி நேரம் நின்னான்.

எல்லா லேபிளையும் சத்தமா படிக்கிறது

வேணாம்.

அந்த விலங்கு

இப்ப நெனச்சாலும் எனக்கு என் மேலயே எரிச்சல் வர்ற விஷயம் இதுதான். இந்த மாதிரி கண்காட்சில அடிக்கடி வர்ற ரெண்டு கப்பல், வைடாவும் குயின் ஆன்ஸ் ரிவெஞ்சும், ரெண்டுமே கொள்ளையர் கைக்கு வர்றதுக்கு முன்னாடி அடிமைக் கப்பல். குயின் ஆன்ஸ் ரிவெஞ்சோட பழைய பேரு லா கான்கார்ட், பிரெஞ்சுக்காரங்க கப்பல், 1717-ல ஐந்நூறுக்கும் மேல ஆப்பிரிக்க மக்கள அடைச்சு ஏத்திக்கிட்டு கிளம்புனது. அதனாலதான் அங்க விலங்கு இருக்கு. திருடன கட்டிப்போட இல்ல.

நான் இத எதையும் படிக்காம போயிட்டேன். பையனுக்கு அப்ப ஆறு வயசு, கேள்வி கேட்டான், வாய்க்கு வந்தத சொல்லி நகத்திட்டேன். அவன் நம்பிட்டான், வெளிய வரும்போது கடைல ப்ளாஸ்டிக் விலங்கு ஒண்ணு கேட்டு வாங்கிட்டான், வீட்டுக்கு வந்து தங்கச்சிய கட்டி வச்சு "நீ கெட்டவ, நீ கெட்டவ"ன்னு ஒரு மாசம் அதே விளையாட்டு, நாங்களும் சிரிச்சுக்கிட்டு போட்டோ எடுத்தோம். போன வருஷம் ஏதோ ஒரு புக்குல அடிமைக் கப்பல் படத்த பாத்துட்டு என்கிட்ட வந்து நிக்கிறான், "அம்மா, நீ கெட்டவங்களுக்குன்னு சொன்னியே?" கோவமே இல்ல அவன் குரல்ல, அதான் தாங்கல. இன்னிக்கு வரைக்கும் நான் எது சொன்னாலும் "நெஜமாவா?"ன்னு ஒரு தடவை கேட்டுட்டுதான் விடுவான்.

சின்னப் புள்ளைக்கு எப்படி சொல்றதுன்னு நிறைய பேர் மழுப்பறாங்க. ரெண்டு வரி போதும்: "மனுஷங்கள பிடிச்சிட்டுப் போயி வித்தாங்க, ஓடிடக் கூடாதுன்னு இதுல பூட்டுனாங்க. அவங்க ஒரு தப்பும் பண்ணல." அடுத்த கேள்வி கண்டிப்பா "கொள்ளைக்காரங்க அவங்கள விடுவிச்சாங்களா?"ன்னு வரும், அங்கயும் ஹீரோ கதை கட்டாதீங்க. லா கான்கார்ட்ல இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க திரும்ப பிரெஞ்சுக்காரங்க கைக்கே போயி மார்ட்டினிக் தீவுல விக்கப்பட்டாங்க. புள்ள மூஞ்சி வாடும், வாடட்டும், கூட நில்லுங்க.

பேய்க்கதை ரேஞ்சுக்கு எலும்ப காட்டறது

வைடா 1717 ஏப்ரல் 26 புயல்ல அமெரிக்கக் கடற்கரைல கேப் காட் பக்கம் மூழ்குச்சு, அந்தக் கப்பல்ல இருந்த நூத்து நாப்பதுக்கும் மேல ஆளுங்கள்ல பொழச்சது ரெண்டே பேர். அதுல செத்தவங்கள்ல ஜான் கிங்னு ஒரு சின்னப் பையன், பத்து வயசு சுமார்தான் இருக்கும், அம்மாவோட வேற கப்பல்ல போயிட்டிருந்தவன், நானும் உங்க கூடத்தான் வருவேன்னு அடம்பிடிச்சு கொள்ளையரோட சேந்தவன். அவனோடதுன்னு சொல்ற குட்டி ஷூ, பட்டு ஸ்டாக்கிங், கால் எலும்பு கிடைச்சிருக்கு. கண்காட்சில அவன் கதை வந்தா பயங்காட்டி விளையாடாதீங்க. வயசை மட்டும் சொல்லிட்டு பேசாம இருங்க, மீதிய பசங்களே கேப்பாங்க.

கிஃப்ட் ஷாப்

கொடி வாங்கிக் குடுங்க, தொப்பி வாங்கிக் குடுங்க. விலங்கு மட்டும் வேணாம்.