வகுப்பறைக் கொலு: படிகளே பாடம்

நவராத்திரிக் கொலுவைப் பள்ளியில் வைக்க எண்ணும் ஆசிரியர்கள், கடையில் வாங்கிய பொம்மைகளை அடுக்கிப் பிள்ளைகளை வேடிக்கை பார்க்கவிடுவதைக் காட்டிலும், களிமண்ணை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவது மேல்.

புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது. காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் பெரும்பாலும் அதை ஒட்டியே வருவதால், தேர்வுக்கு முன்பே பொம்மைகளைச் செய்துவிட வேண்டும். உள்ளங்கை அளவு போதும். மிகவும் தடித்த பொம்மையும் கடும் வெயிலில் வைத்த பொம்மையும் வெடித்துவிடும்; எனவே நிழலில் உலர்த்தி, ஈரம் முழுவதும் போன பிறகே வண்ணம் பூச வேண்டும்.

படிகள் ஒற்றைப்படையாக இருப்பது வழக்கம். ஏழு படிகள் அமைத்தால் தொல்காப்பியத்தின் 'மரபியல்' என்னும் பகுதி கூறும் உயிர்ப் பகுப்பை அப்படியே காட்டலாம். கீழ்ப்படியில் தொடுவுணர்வு மட்டுமுள்ள புல், மரம், அடுத்ததில் சுவையும் அறியும் நத்தை, சங்கு, மூன்றாவதில் மணமும் அறியும் கரையான், எறும்பு, நான்காவதில் பார்வையும் உடைய நண்டு, தும்பி, ஐந்தாவதில் கேட்கவும் வல்ல விலங்குகள், ஆறாவதில் மனம் என்னும் ஆறாம் அறிவு பெற்ற மனிதர், உச்சியில் தெய்வங்கள். எந்தப் பொம்மை எந்தப் படிக்கு உரியது என்பதைப் பிள்ளைகளே வாதிட்டு முடிவு செய்யட்டும். "எறும்புக்குக் கண் இருக்கிறதே, அது ஏன் மூன்றாம் படியில்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைய வகுப்பின் பயன் அங்கேயே கிடைத்துவிட்டது. உடனே உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து எறும்பின் தலையைப் பார்க்கச் சொல்லி, பழைய பகுப்பையும் இன்றைய அறிவியலையும் ஒப்பிட்டு எழுத வைக்கலாம். வெளிக்காது இல்லாத பாம்பை எங்கே வைப்பது என்பதும் நல்ல வம்புதான்.

பெஞ்சுகளையும் பலகைகளையும் கொண்டு படி கட்டும்போது, அவை ஆடாதபடி கயிற்றால் இறுக்கி, மேலே வெள்ளை வேட்டியை விரிக்க வேண்டும். மேல்படிகளில் ஆசிரியரே பொம்மை வைப்பது பாதுகாப்பானது. பிற சமயப் பிள்ளைகளும் படிக்கும் வகுப்பில் பூசையை விருப்பத்துக்கு விட்டு, பொம்மை செய்வதிலும் அடுக்குவதிலும் அனைவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சுண்டலுக்குக் கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும் என்பது சிறுவர்களுக்குத் தெரியாது. மாலையில் ஒரு கிண்ணம் கடலையை அளந்து வகுப்பிலேயே ஊறப்போட்டு, மறுநாள் காலை மீண்டும் அளக்கச் சொன்னால், அது எவ்வளவு பெருத்திருக்கிறது என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

முடிவில், செய்தவர் பெயரைப் பொம்மையின் அடியில் எழுதி, பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி வைத்தால், அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதனுடன் தன் பொம்மைகளையும் சேர்த்துக்கொள்ளும்.