ஏழாம் வாய்ப்பாடு: முதலில் ஸ்க்ராட்ச், பிறகு எழில்

எம்ஐடி மீடியா லேப் 2007இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் என்ற நிரல்மொழியில் பிளாக்குகளை (கட்டளைக் கட்டைகளை) இழுத்துப் பழகியவர்கள், எழுத்து நிரலுக்கு மாற முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழி வசதியானது. கட்டளைகள் தமிழிலேயே இருக்கின்றன. இரண்டிலும் ஒரே கணக்கைச் செய்து பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

1. ஸ்க்ராட்ச்சில் ‘எண்’ என்ற மாறியும் (மதிப்பைச் சேமிக்கும் பெயர்) ‘விடை’ என்ற பட்டியலும் உருவாக்குங்கள்.

2. பச்சைக்கொடி பிளாக்கின் கீழே பட்டியலைக் காலிசெய்யும் பிளாக், அடுத்து ‘எண்’ணை 1 ஆக்கும் செட் பிளாக். செட்டை விட்டுவிட்டால் மாறி பழைய மதிப்பையே வைத்திருக்கும். இரண்டாம் முறை கொடியை அழுத்தினால் எண் 11இல் நிற்கும், பட்டியல் காலியாகவே இருக்கும்.

3. ரிப்பீட் அன்டில் பிளாக்கில் ‘எண் > 10’. அதனுள் எண் * 7ஐப் பட்டியலில் சேர்த்து, சேஞ்ச் பிளாக்கால் எண்ணை 1 கூட்டுங்கள். விடையைக் காட்ட சே பிளாக் வேண்டாம். வினாடி குறிக்காத சே போட்டால் பத்தும் பறந்துபோய் 70 மட்டும் கண்ணில் படும்.

4. இனி எழில்:

எண் = 1
@( எண் <= 10 ) வரை
    பதிப்பி எண், "* 7 =", எண் * 7
    எண் = எண் + 1
முடி

பலரும் தடுக்கி விழும் இடம் இரண்டாம் வரி. ஸ்க்ராட்ச்சின் ‘எண் > 10’ஐ அப்படியே இங்கே எழுதினால் ஒரு வரிகூட அச்சாகாது, பிழைச் செய்தியும் வராது. ரிப்பீட் அன்டில் நிபந்தனை உண்மையானதும் நிற்கும். எழிலின் வரை, நிபந்தனை உண்மையாக இருக்கும்போது மட்டும் சுற்றும். ஆகவே > என்பது <= ஆகத் திரும்ப வேண்டும்; வெறும் < போட்டால் 9 * 7 = 63உடன் நின்றுவிடும்.

வேர்டில் தட்டச்சு செய்யாதீர்கள். அது மேற்கோள் குறிகளை வளைத்துவிடும், எழில் ஏற்காது. நோட்பேட் போதும். பாமினி போன்ற பழைய எழுத்துரு முறைகளும் உதவாது, யூனிகோடுதான்.

பிற்சேர்க்கை: நிரல் ‘1 * 7 = 7’ என்றே ஓயாமல் அச்சிடுகிறதா? நான்காம் வரியின் தொடக்கத்தைப் பாருங்கள். ‘என் = எண் + 1’ என்று இருந்தால் ‘என்’ புதிய மாறியாகிவிடும், ‘எண்’ 1இலேயே நிற்கும். கண்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்தி நிறுத்திவிட்டு ணகரத்தைத் திருத்துங்கள். ஸ்க்ராட்ச்சில் மாறியின் பெயரைத் தட்டச்சு செய்யாமல் மெனுவிலிருந்து எடுப்பதால் இந்தச் சிக்கல் வராது.