சின்ன ஆற்றின் வழியையும் பெயரையும் எழுதி வைப்பது எப்படி

ஆற்றங்கரை ஊர் எதிலாவது போய் "இது என்ன ஆறு?" என்று கேட்டால், "ஆறுதான்" என்று பதில் வரும். அவர்களுக்கு இருப்பது ஒரே ஆறு. அதனால் பெயரைக் கேட்காதீர்கள். "இந்தத் தண்ணி எங்கேருந்து வருது, எந்தக் குளத்துக்குப் போகுது?" என்று கேளுங்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவரும் ஆடு மேய்க்கிறவரும் வரிசையாகச் சொல்வார்கள்.

சிற்றாறு என்றே பெயர் கொண்ட எங்கள் ஆற்றை வைத்தே சொல்கிறேன். குற்றால மலையில் பிறந்து, தென்காசி, வீரகேரளம்புதூர், கங்கைகொண்டான் வழியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கூடுகிறது.

ஆறு முடிகிற இடத்தில் தொடங்கி மேலே ஏறுங்கள். மலையிலிருந்து இறங்கி வந்தால் எது தாய் ஆறு, எது கிளை என்று குழம்பிப் போகும். தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் இடக்கரை, மற்றது வலக்கரை. ஒவ்வொரு கிளையும் எந்தக் கரையில் வந்து சேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீரகேரளம்புதூரில் அனுமன் நதி இடக்கரையில் சேர்கிறது. மழைக்குப் பிறகு அங்கே அவசியம் போய் நில்லுங்கள். எந்த மலையில் பெய்ததோ அந்தப் பக்கத்துத் தண்ணீர் செங்கலங்கலாக வரும், மற்றது தெளிந்திருக்கும். கூடிய பிறகும் கொஞ்ச தூரம் இரண்டு நிறமாகவே ஓடும். எந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

கையில் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் இருக்கட்டும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் ஓடையைக் கடக்கும்போது வளைந்து கூர்மையாகும். அந்தக் கூர் மேட்டுப் பக்கத்தைக் காட்டும். அப்புறம் கிராமத்து நிலங்களின் விவரம் இருக்கும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டைப் பாருங்கள். ஆறு, ஓடை, வாய்க்கால் புறம்போக்குகள் சர்வே எண்ணோடு அதில் இருக்கும். பழைய பத்திரங்களில் நான்கெல்லை சொல்லும் இடத்தை விடாமல் படியுங்கள். வரைபடத்தில் ஏறாத ஓடைப் பெயர்கள் அங்கேதான் அகப்படும்.

ஆற்றோடு நின்றுவிடாமல், அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்களையும், அதாவது வாய்க்கால்களையும், எழுதுங்கள். சிற்றாற்றுத் தண்ணீர் மானூர்க் குளத்துக்குப் போவது மானூர்க் கால் வழியாக. ஆற்றின் பெயரைச் சொல்லத் தயங்குகிறவர்கூட காலின் பெயரைச் சட்டென்று சொல்வார்.

ஒரே பெயரில் பல ஆறுகள் உண்டு, கவனம். குமரி மாவட்டத்தில் வேறொரு சிற்றாறு இருக்கிறது. செங்கோட்டைக் குண்டாறு வேறு, விருதுநகர்ப் பக்கத்துக் குண்டாறு வேறு. ஆகவே பெயருக்குப் பக்கத்திலேயே வட்டத்தையும், அது எதில் போய்ச் சேர்கிறது என்பதையும் எழுதிவிடுங்கள்.

போக நல்ல காலம் ஜனவரி, பிப்ரவரி. வடகிழக்குப் பருவமழை முடிந்து வெள்ளம் வடிந்திருக்கும், ஓட்டமும் இருக்கும். கோடையில் போனால் மணலும் சீமைக்கருவேலமும்தான் தெரியும். எது ஓடை, எது பள்ளம் என்று பிரிக்க முடியாது.

சேர்த்ததை, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுங்கள். ஆற்றுக்கான கோட்டை, தண்ணீர் ஓடும் திசையில்தான் வரைய வேண்டும். மேலூரில் ஒரு பெயர், கீழூரில் ஒரு பெயர் என்றால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடாதீர்கள். மாற்றுப் பெயருக்குத் தனி இடம் அதில் இருக்கிறது. எந்தப் பெயர் எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை வழங்குகிறது என்பதையும் குறிப்பில் சேருங்கள்.