பெரிய கே, சின்ன கே: ஆங்கிலச் சுருக்கங்களில் சறுக்கும் இடங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஆங்கிலத்தில் எழுத வேண்டி வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். ஒன்று, மாம்பழக்கூழ் ஏற்றுமதிக் காகிதங்கள். இன்னொன்று, ஓசூர் சிப்காட் கம்பெனிகளுக்குப் போடும் வேலை விண்ணப்பம். இலக்கணம் பிசகினால் படிப்பவர் புரிந்துகொண்டு நகர்ந்துவிடுவார். சுருக்கம் பிசகினால் எடையும் தேதியுமே மாறிப்போகும். அதனால் முதலில் சுருக்கங்களைப் பார்ப்போம்.

கிலோகிராமுக்குக் குறியீடு சின்ன கே, சின்ன ஜி. அவ்வளவுதான். 215 கிலோ டிரம் என்றாலும் பின்னால் எஸ் சேர்க்கக் கூடாது. எஸ் என்பது விநாடியின் குறியீடு. வாக்கியம் அங்கேயே முடிந்தாலொழிய புள்ளியும் வேண்டாம். எண்ணுக்கும் குறியீட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி விடுங்கள். பெரிய கே போட்டால் அது கெல்வின், வெப்பநிலை அலகு. இதைவிட மோசம் மில்லிகிராம். அதில் எம்மைப் பெரிய எழுத்தாக்கினால் மெகாகிராம் ஆகிவிடும், அதாவது 1000 கிலோ. மருந்துச் சீட்டில் 5 மில்லிகிராம் என்று எழுத நினைத்து 5 டன் எழுதியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. மருந்துக் கடைக்காரர் புரிந்துகொள்வார், ஆய்வக அறிக்கையைப் படிப்பவர் கேள்வி கேட்பார்.

தேதியை 05/06/2025 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாம்பழ சீசனில் ஒரு மாத வித்தியாசம் சின்ன விஷயமா? மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

ஐ.இ., இ.ஜி. இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை. முதலாவது ‘அதாவது’, இரண்டாவது ‘எடுத்துக்காட்டாக’. ‘மாம்பழ ரகங்களைப் பதப்படுத்துகிறோம்’ என்று எழுதி, ஐ.இ. போட்டு, தோத்தாபுரி, அல்போன்சா என முடித்தால் வேறு ரகமே உங்களிடம் இல்லை என்று பொருள். இ.ஜி. போட்டால் இன்னும் சில உண்டு. அந்தப் பட்டியலின் கடைசியில் எட்செட்ரா சேர்ப்பது வீண், ‘எடுத்துக்காட்டாக’ என்பதிலேயே அது அடங்கிவிட்டது. எட்செட்ராவுக்கு முன்னால் ‘அண்ட்’ போடுவதும் அப்படித்தான்.

பெயருக்கு அடுத்து டபிள்யூ, சாய்கோடு, ஓ போட்டு கணவர் பெயர் எழுதுவது நம் அரசு படிவங்களில் சரி. வெளிநாட்டுப் படிவத்தில் வேண்டாம். அங்கே அதை ‘வித்அவுட்’ என்று வாசிப்பார்கள். முருகனின் மனைவி, முருகன் இல்லாதவர் ஆகிவிடுவார்!

விண்ணப்பத்தில் அதிகம் தடுமாறுவது ‘எ’ போடுவதா, ‘ஆன்’ போடுவதா என்பதில். எழுத்தைப் பார்க்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எம்.எஸ்ஸி. ‘எம்’ என்று உயிரொலியில் தொடங்குவதால் ஆன். பி.இ. ‘பீ’ என்பதால் எ. யூனிவர்சிட்டி உயிரெழுத்தில் தொடங்கினாலும் காதுக்கு ‘யூ’ என்றே விழுவதால் எ. ஹவரில் ஹெச் ஒலிப்பதில்லை, ஆகவே ஆன்.

பன்மைக்கு அபாஸ்ட்ரஃபி, அதாவது எழுத்துக்கு மேலே பக்கவாட்டில் போடும் ஒற்றைக் குறி, வேண்டவே வேண்டாம். நெடுஞ்சாலைப் பழக்கடைப் பலகைகளில் ‘மேங்கோ’வுக்கும் எஸ்ஸுக்கும் நடுவே அதைத் தொங்கவிடுகிறார்கள். டிவி, சிடி போன்ற சுருக்கங்களுக்கும் வெறும் எஸ் போதும். ‘இட்ஸ்’ஸில் குறி இருந்தால் ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’, இல்லாவிட்டால் ‘அதனுடைய’.

மற்றவை சில்லறை. ‘டிஸ்கஸ் அபௌட்’டில் அபௌட் தேவையில்லை, ‘ரிட்டர்ன் பேக்’கில் பேக் தேவையில்லை. ‘டிட் நாட்’டுக்குப் பின் ‘வென்ட்’ வராது, ‘கோ’தான். ‘ஒன் ஆஃப் தி’ வந்தால் அடுத்த பெயர்ச்சொல் பன்மை. ‘டூ தி நீட்ஃபுல்’லைப் பலர் கிண்டல் செய்கிறார்கள். என் கணக்கில் அது பழைய அலுவலக நடை, பிழை அல்ல.

டாக்டரின் சுருக்கத்துக்குப் புள்ளி வைப்பது அமெரிக்கப் பழக்கம், இன்றைய பிரிட்டிஷ் நடையில் பெரும்பாலும் வைப்பதில்லை. எதையும் பின்பற்றலாம், ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.